வரிசை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ரெய்டு வட்டுத்தொகுதிகளும் கட்டளைவரியும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

ரேணிகுண்டா சந்திப்பின் சுற்றுவட்டாரத்தில் மூன்று வகைக் களஞ்சியங்கள் உள்ளன. முதலாவது, திருமலை–திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இக்கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழில் அமைந்தவை. இரண்டாவது, தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் பரம்பரையின் பாடல்களைத் தாங்கிய செப்பேடுகள். திருமலைக் கோயிலின் ஓர் அறையில் நெடுங்காலம் அடைந்து கிடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இவ்வேடுகள் 1920களில் ஆய்வாளர் கவனத்துக்கு வந்தன. மூன்றாவது நம் காலத்தது. காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் ரேடார், 53 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 1,024 ஆண்டெனாக்களின் துணையோடு, 1990களின் தொடக்கத்திலிருந்து வானத்தின் காற்றோட்டத்தைப் பதிவு செய்துவருகிறது. 2015இல் தொடங்கப்பட்டு இன்று ஏர்ப்பேட்டில் இயங்கும் இரு தேசிய உயர்கல்வி நிறுவனங்களின் ஆய்வகங்களும் இவ்வரிசையில் சேரத் தக்கவை.

இக்களஞ்சியங்களில் உள்ளவை மீண்டும் கிடைக்காதவை. உடைந்த கல்வெட்டின் வாசகத்தை அதைப் பொறித்தவர் வந்து மீண்டும் சொல்லப்போவதில்லை. நேற்று வீசிய காற்றை இன்று அளக்கவும் இயலாது. ஆகவே ‘எதில் எழுதி வைப்பது’ என்ற கேள்வியோடு, ‘எழுதியவற்றின் ஒழுங்கை எங்கே எழுதி வைப்பது’ என்ற இன்னொரு கேள்வியும் எழுகிறது. பல வட்டுகளை இணைத்து ஒரே வட்டாகத் தோற்றமளிக்கச் செய்யும் ரெய்டு என்னும் முறையின் வரலாற்றை இந்த இரண்டாவது கேள்வியின் வரலாறாகவே வாசிக்கலாம். அவ்வாறு வாசிக்கும்போது, வெறும் பராமரிப்புக் கருவிகளாகக் கருதப்படும் கட்டளைவரிக் கருவிகள் ஆவண வரலாற்றின் ஒரு பகுதியாகிவிடுகின்றன.

1. ஒன்றிலிருந்து பலவற்றுக்கு

ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்ட ராமாக் கணினியோடு வன்வட்டின் வரலாறு தொடங்குகிறது. ஐம்பது தகடுகளைக் கொண்ட அந்தப் பெரும் பெட்டி ஏறத்தாழ ஐம்பது லட்சம் எழுத்துகளைத் தாங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் வட்டுகள் கொள்ளளவில் பெருகின. ஆயினும் பெருங்கணினிகளின் உலகில் ‘பெரிய, விலையுயர்ந்த, ஒற்றை வட்டு’ என்ற கருத்தே நிலைத்திருந்தது.

ஒரு வட்டு பழுதுற்றால் மற்றவற்றைக் கொண்டு அதன் உள்ளடக்கத்தை மீட்கலாம் என்ற சிந்தனை அதற்கு முன்பே இருந்தது. ஐபிஎம்மில் பணியாற்றிய நார்மன் கென் ஓச்சி இதற்கான அமெரிக்கக் காப்புரிமையை 1978இல் பெற்றார். டேண்டம் நிறுவனம் 1970களிலேயே ஒரே தரவை இரு வட்டுகளில் ஒருசேர எழுதும் இரட்டைப்படி முறையைத் தன் கணினிகளில் கொண்டிருந்தது.

இச்சிந்தனைகளுக்குப் பெயரும் வகைப்பாடும் தந்தது பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை 1988இல் சிகாகோவில் நடந்த தரவுத்தள மாநாட்டில் வெளியானது. அதன் வாதம் எளிமையானது. தனிநபர் கணினிச் சந்தைக்காகச் செய்யப்பட்ட மலிவான சிறு வட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்த்தால், ஒரு பெரிய வட்டின் கொள்ளளவையும் அதைவிட மிகுந்த வேகத்தையும் பெறலாம். தடை ஒன்றுதான். ஒரு வட்டு சராசரியாக 30,000 மணிநேரத்துக்கு ஒருமுறை பழுதாகும் என்று கொண்டால், நூறு வட்டுகளில் ஏதேனும் ஒன்று 300 மணிநேரத்துக்கு ஒருமுறை பழுதாகும். அதாவது பன்னிரண்டரை நாட்களுக்கு ஒருமுறை. எண்ணிக்கை கூடக் கூட நம்பகம் குறைகிறது. எனவே மிகையாகச் சில வட்டுகளை ஒதுக்கி, ஒன்று வீழ்ந்தாலும் மற்றவை அதன் இடத்தை நிரப்பும்படி தரவைப் பகிர்ந்து எழுத வேண்டும் என்றனர் ஆசிரியர்கள். அக்கட்டுரை வகுத்த மட்டங்கள் ஒன்று முதல் ஐந்து வரை. பாதுகாப்பே இல்லாத பூச்சியம் மட்டமும், இரு வட்டுகளின் இழப்பைத் தாங்கும் ஆறாம் மட்டமும் பின்னர் சேர்ந்தன. ‘மலிவான வட்டுகள்’ என்று பெயரில் இருந்த சொல்லும் பிற்காலத்தில் ‘தனித்தனி வட்டுகள்’ என்று மாறியது.

2. பாரிட்டியும் வரிசையும்

ஐந்தாம் மட்டத்தின் அடிப்படை ‘பாரிட்டி’ எனப்படும் ஒற்றை–இரட்டைக் கணக்கு. மூன்று வட்டுகளில் முறையே 1, 0, 1 என்ற துணுக்குகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டையாக அமைய வேண்டும் என்பது விதி. இங்கே இரண்டு ஒன்றுகள் ஏற்கெனவே இருப்பதால் நான்காம் வட்டில் 0 எழுதப்படும். இரண்டாம் வட்டு பழுதுற்றால் எஞ்சுபவை 1, 1, 0. ஒன்றுகள் இரட்டையாகவே இருப்பதால் தொலைந்தது 0 என்பது தெளிவு. எத்தனை கோடித் துணுக்குகளானாலும் கணக்கு இதுவே.

தரவு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, வட்டுகளின் மீது வரிசையாகப் பரப்பப்படுகிறது. பாரிட்டித் துண்டு ஒரே வட்டில் தங்காமல் அடுக்குக்கு அடுக்கு இடம் மாறுகிறது. எனவே இத்தொகுதியைப் படிக்கச் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். எந்த மட்டம்? எத்தனை வட்டுகள்? எந்த வட்டு முதலாவது, எது இரண்டாவது? துண்டின் அளவு எவ்வளவு? பாரிட்டி எத்திசையில் சுழல்கிறது? இவற்றின் தொகுப்பை இக்கட்டுரை ‘அமைவுக் குறிப்பு’ என்று அழைக்கிறது.

ஒரு பல்கலைக்கழகத் துறையின் சர்வரில் எட்டு வட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். எட்டும் பழுதின்றி இருக்கின்றன. எந்தத் துணுக்கும் அழியவில்லை. ஆனால் அமைவுக் குறிப்பு தொலைந்துவிட்டது. எட்டு வட்டுகளை வரிசைப்படுத்த 40,320 வழிகள் உண்டு. ஒவ்வொரு வழிக்கும் பாரிட்டிச் சுழற்சியின் நான்கு பொதுவகைகளையும் துண்டு அளவுகளையும் பொருத்திப் பார்க்க வேண்டும். சரியான ஒன்று கிடைக்கும்வரை அந்த எட்டு வட்டுகளும் பொருளற்ற எண்களின் குவியல் மட்டுமே. ஓலைகள் அத்தனையும் இருந்தும் கட்டு அவிழ்ந்து, ஏட்டெண் இல்லாமல் கலைந்த சுவடியின் நிலை இது. தமிழ்ச் சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர் இந்நிலையை நன்கு அறிவர்.

3. மூன்று இடங்கள்

அமைவுக் குறிப்பு எங்கே வைக்கப்பட்டது என்பதற்கு வரலாற்றில் மூன்று விடைகள் உண்டு.

முதல் விடை, ஒரு கோப்பு. லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருள்வழி வட்டிணைப்பு 1990களின் நடுப்பகுதியில் உருப்பெற்றது. அக்காலத்துக் கருவித்தொகுப்பான ரெய்டுடூல்ஸ், ‘ரெய்டுடேப்’ என்னும் உரைக்கோப்பைச் சார்ந்து இயங்கியது. தொகுதியின் பெயர், மட்டம், வட்டுகளின் எண்ணிக்கை, துண்டின் அளவு, சுழற்சி முறை, ஒவ்வொரு வட்டின் பெயர், அதன் வரிசை எண் என அனைத்தையும் நிர்வாகி தம் கையால் அதில் எழுத வேண்டும். எவரும் படிக்கக்கூடிய ஆவணம் என்பது அதன் சிறப்பு. ஆனால் அது வட்டுகளுக்கு வெளியே இருந்தது. லினக்ஸோ வட்டுகளுக்குக் கண்டறியும் வரிசையில் பெயரிட்டது. இடையில் ஒரு வட்டு கழன்றாலும் அடுத்தவற்றின் பெயர்கள் ஒவ்வோர் எழுத்து முன்னே நகர்ந்துவிடும். கோப்பு சொல்லும் ‘இரண்டாம் வட்டு’ அப்போது வேறொரு வட்டாகிவிடும். தொகுதியை உருவாக்கும் கட்டளை, எச்சரிக்கைகளை மீறிச் செயல்பட ‘உண்மையாகவே வற்புறுத்து’ என்ற பொருள்படும் ஒரு சொல்லைக் கேட்டது. அந்நாளைய அச்சத்துக்கு அச்சொல்லே சான்று.

அதே கோப்பில் ‘நிலைத்த சூப்பர்பிளாக்’ என்றொரு வரி இருந்தது. அதன் விடை பூச்சியம் அல்லது ஒன்று. ஒன்று எனில், ஒவ்வொரு வட்டிலும் ஒரு மூலையில் அமைவுக் குறிப்பு பொறிக்கப்படும். பூச்சியம் எனில், வட்டுகள் தம்மைப் பற்றி ஏதும் அறியாதவையாகவே இருக்கும். வரலாற்றின் திருப்பம் இந்த ஒற்றை வரியில் அடங்கியிருக்கிறது.

இரண்டாம் விடை, கட்டுப்பாட்டு அட்டை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், இந்திய வம்சாவளியினரான சுப்பிரமணியன் சங்கரும் பேட் சர்மாவும் 1985இல் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனம் இங்கே முக்கியமானது. பிற்காலத்தில் டெல் என்று அறியப்பட்ட பிசிஸ் லிமிடெட் அதன் முதல் வாடிக்கையாளர். தாய்ப்பலகைகளாலும் பயாஸ் மென்பொருளாலும் பெயர்பெற்ற இந்நிறுவனம், சென்னையிலும் தன் கிளையை நிறுவியது. உலகெங்கும் சர்வர்களில் பரவிய ‘மெகாரெய்டு’ அட்டைகள் தோன்றியது இந்நிறுவனத்தில்தான். 2001இல் அப்பிரிவை எல்எஸ்ஐ லாஜிக் வாங்கியது. எல்எஸ்ஐயை 2014இல் அவாகோ வாங்கியது. அவாகோ 2016இல் பிராட்காம் என்ற பெயரை ஏற்றது. உரிமை இத்தனை முறை கைமாறியும் மெகாரெய்டு என்ற பெயர் மாறவில்லை.

இத்தகைய அட்டை, வட்டிணைப்பை இயங்குதளத்தின் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. எட்டு வட்டுகள் செருகப்பட்டிருந்தாலும் இயங்குதளம் காண்பது ஒரே வட்டை. மெய்நிகர் வட்டு என்பது இதுவே. அமைவுக் குறிப்பு அட்டையின் அழியா நினைவகத்திலும், கூடவே வட்டுகளிலும் எழுதப்பட்டது. இரு பிரதிகள் இருப்பது நன்மைபோலத் தோன்றும். ஆனால் அட்டையை மாற்றினாலோ வட்டுகளை இடம் மாற்றிச் செருகினாலோ இரண்டும் முரண்பட்டன. பழைய மெகாரெய்டு அட்டைகள், கணினி தொடங்கும்போதே ‘வட்டுகளில் உள்ள அமைவும் அட்டையில் உள்ள அமைவும் பொருந்தவில்லை’ என்று அறிவித்து, எதை ஏற்பது என்ற முடிவை நிர்வாகியிடம் விட்டன. பட்டியலில் ‘அமைவைப் பார்/சேர்’, ‘புதிய அமைவு’, ‘அமைவை அழி’ ஆகிய தெரிவுகள் அருகருகே இருந்தன. முதலாவதைத் தெரிந்தவர் தரவை மீட்டார். அவசரத்தில் அடுத்ததைத் தெரிந்தவர் இருந்த குறிப்பையும் இழந்தார். பாடவேறுபாடு கண்ட பதிப்பாசிரியர், எது மூலம் என்று ஆராயாமல் ஒன்றைக் கிழித்தெறிவதற்கு ஒப்பானது இது.

மூன்றாம் விடை, வட்டுகளே. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நீல் பிரவுன் 2001இல் லினக்ஸுக்காக ஒரு புதிய கருவியை எழுதினார். முதலில் எம்டிசிடிஎல் என்றும், பின்னர் எம்டி-ஆடம் என்றும் பெயர் பெற்ற இக்கருவி இயங்க அமைவுக் கோப்பு கட்டாயமில்லை. அது ஒவ்வொரு வட்டையும் படித்துப் பார்க்கிறது. வட்டின் சூப்பர்பிளாக்கில் தொகுதிக்கு உரிய 128 துணுக்கு அடையாள எண்ணும், அத்தொகுதியில் அந்த வட்டு வகிக்கும் இடமும் எழுதப்பட்டிருக்கின்றன. வட்டுகளை எவ்வரிசையில் செருகினாலும், எப்பெயரில் அவை தோன்றினாலும், ஒரே அடையாள எண் கொண்டவை ஒன்றுசேர்ந்துகொள்கின்றன. பழைய 0.90 வடிவம் இக்குறிப்பை வட்டின் இறுதிப் பகுதியில் வைத்தது. இன்று பரவலாக உள்ள 1.2 வடிவம் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி வைக்கிறது. வன்பொருள் அட்டைகளின் உலகிலும் இதே போக்கு காணப்பட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் அட்டைகள் ஒன்று எழுதியதை மற்றொன்று படிக்கும்படியான பொது வடிவம் ஒன்றை, சேமிப்பகத் தொழில்துறையின் கூட்டமைப்பு 2000களின் நடுப்பகுதியில் வரையறுத்தது.

அன்னமாச்சாரியார் செப்பேடுகளை இங்கே ஒப்பிடலாம். பாடல்களின் தலைப்பில் ராகத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்றைய பதிப்புகளும் ஒவ்வொரு பாடலையும் ‘ரேகு’ எனப்படும் ஏட்டின் எண்ணைக் கொண்டே சுட்டுகின்றன. பாடலை எங்கே வைத்துப் படிப்பது, எப்படிப் பாடுவது என்பதற்கான குறிப்பில் ஒரு பகுதியேனும் பாடலோடு ஒரே தகட்டில் இருந்தது. தனியே ஓர் அட்டவணையை மட்டும் நம்பியிருந்தால், அட்டவணை அழிந்த அன்றே அச்செய்தியும் அழிந்திருக்கும்.

4. கட்டளையின் சொற்கள்

மெய்நிகர் வட்டை உருவாக்கும் கட்டளைவரிக் கருவிகளின் சொல்வழக்கும் ஆராயத்தக்கது. அடாப்டெக் நிறுவனத்தின் பழைய கருவி அதனைக் ‘கொள்கலன்’ என்றது. அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் வழிவந்த அட்டைகளில் அது ‘தருக்க வட்டு’ என வழங்கி, பின்னர் ‘மெய்நிகர் இயக்கி’ ஆயிற்று. டெல்லின் கருவிகள் ‘மெய்நிகர் வட்டு’ என்ற பெயரைப் பரப்பின. டெல்லின் ‘பெர்க்’ என்ற ஒரே பெயரின் கீழ், சில அட்டைகள் மெகாரெய்டு வழியிலும் சில அடாப்டெக் வழியிலும் வந்தவை. ஆகவே ஒரே பெயர் தாங்கிய இரு சர்வர்களுக்கு இருவேறு கருவிகளும் இருவேறு சொல்வழக்குகளும் தேவைப்பட்டன.

சொற்கள் எவையாயினும் கட்டளையின் உறுப்புகள் ஒத்தவை. முதலில் எந்த அட்டை என்பது. அடுத்து ‘மெய்நிகர் வட்டைச் சேர்’ என்னும் வினை. அதன்பின் மட்டம். பின்னர், வட்டுகள் இருக்கும் அடைப்பின் எண்ணும் அதில் ஒவ்வொரு வட்டின் இடமும். இறுதியாகத் துண்டின் அளவும், எழுதும் முறையும். எழுதும் முறை இருவகை. தரவு வட்டில் பதிந்த பின்னரே ‘முடிந்தது’ என்று சொல்வது ஒன்று. அட்டையின் தற்காலிக நினைவகத்தில் சேர்ந்தவுடனேயே ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டு, வட்டில் பிறகு எழுதுவது மற்றொன்று. இரண்டாவது வேகமானது. ஆனால் அட்டையில் மின்கலமோ அதற்கு இணையான ஏற்பாடோ இல்லையெனில், ஒரு மின்தடை போதும், ‘முடிந்தது’ என்று சொல்லப்பட்டது முடியாமலே மறைய. மின்தடை வழக்கமாக உள்ள ஊர்களின் ஆய்வகங்களில் கட்டளையின் இந்த ஒரு சொல் பெரும் பொறுப்பைச் சுமக்கிறது.

மெகாரெய்டு அட்டைகளுக்கு நெடுங்காலம் பயன்பட்ட மெகாசிஎல்ஐ என்னும் கருவி, சுருக்கக் குறிகளின் நெரிசலால் நிர்வாகிகளிடம் கெட்ட பெயர் பெற்றது. அதன் இடத்துக்கு வந்த ஸ்டோர்சிஎல்ஐ, அட்டை, அடைப்பு, வட்டு என்னும் படிநிலையைக் கோப்புப் பாதைபோல எழுதச் செய்தது. டெல் வழங்கும் பெர்க்சிஎல்ஐ அதன் வழிவந்ததே.

இக்கருவிகளில் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய சொல் ‘அயல்’ என்பது. ஓர் அட்டையில் உருவான வட்டுத்தொகுதியை மற்றோர் அட்டைக்கு மாற்றினால், புதிய அட்டை அதனை ‘அயல் அமைவு’ என்று அறிவிக்கிறது. அப்போது நிர்வாகி முதலில் அதனை ஆராயலாம். பின்னர் ஏற்கலாம், அல்லது அழிக்கலாம். ஏற்றால், வட்டுகளில் பொறிக்கப்பட்ட குறிப்பின்படி தொகுதி உயிர்பெறும். அழித்தால், தரவு அங்கேயே இருக்கும். குறிப்பு மட்டும் மறையும்.

‘தரவு அங்கேயே இருக்கும்’ என்பது மிகைக்கூற்று அன்று. குறிப்பு அழிக்கப்பட்ட வட்டுகளின் மீது, அதே மட்டம், அதே வரிசை, அதே துண்டளவு ஆகியவற்றோடு, தொடக்கத் துடைப்பு ஏதும் நிகழாதவாறு மெய்நிகர் வட்டை மறுபடி உருவாக்கினால், பழைய தரவு அப்படியே தோன்றக்கூடும். மீட்பு வல்லுநர்கள் நன்கு அறிந்த வழி இது. முதலில் ஒவ்வொரு வட்டுக்கும் முழுப் படி எடுத்து, அப்படிகளின் மீதே இதனை அவர்கள் முயல்வர். ஆனால் உருவாக்கும்போது ‘விரைவுத் துடைப்பு’ என்னும் தெரிவு கட்டளையில் இடம்பெற்றுவிட்டால், மெய்நிகர் வட்டின் தொடக்கப் பகுதியும் இறுதிப் பகுதியும் பூச்சியங்களால் நிரம்பிவிடும். கோப்புமுறையின் தலைப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மீட்புக்கும் இழப்புக்கும் இடையே கட்டளையின் ஒரு சொல்லே நிற்கிறது.

5. இடிக்கும் முன் படியெடுத்தல்

கோயில் திருப்பணி வரலாற்றில் இதற்கு நெருங்கிய வழக்கம் ஒன்று உண்டு. திருமழபாடிக் கோயிலின் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க முதலாம் இராசராசன் காலத்தில் ஆணை பிறந்தபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்க ஏற்பாடாயிற்று. புதிய சுவர் எழுந்த பின், முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் பொறிக்கப்பட்டன. திருமலையிலும் 13ஆம் நூற்றாண்டில், யாதவராயர் ஆட்சியில் கோயில் புதுப்பிக்கப்பட்டபோது, பழைய கல்வெட்டுகள் புதிய சுவர்களில் மறுபடி பொறிக்கப்பட்டன. நிலம், பொன், விளக்கு, திருப்படி ஆகியவற்றின் உரிமை அவ்வரிகளில் அடங்கியிருந்தது. சுவர் போனால் வேறு சுவர் எழுப்பலாம். வரி போனால் உரிமை போயிற்று.

கட்டளைவரிக் கருவிகள் இதே பணிக்கு வழி வைத்திருக்கின்றன. அட்டையில் உள்ள அமைவு முழுவதையும் ஒரு கோப்பாகச் சேமிக்கும் கட்டளை மெகாசிஎல்ஐயிலும் ஸ்டோர்சிஎல்ஐயிலும் உண்டு. அக்கோப்பிலிருந்து அமைவை மீண்டும் நிறுவும் கட்டளையும் உண்டு. எம்டி-ஆடம், ஒவ்வொரு வட்டின் குறிப்பையும் உரையாக விரித்துத் தரும். வட்டு மாற்றம், அட்டை மாற்றம், மென்பொருள் புதுப்பிப்பு ஆகிய எதற்கும் முன்பு இவற்றை எடுத்து, வேறோர் இடத்திலும் தாளிலும் வைப்பது சில நிமிட வேலை.

திரையில் தோன்றும் படங்களைச் சொடுக்கி அமைக்கும் முறையைவிடக் கட்டளைவரி ஆவண நோக்கில் மேலானதாவது இங்கேதான். சொடுக்கிய சொடுக்குகள் தம்மளவில் எந்தச் சான்றையும் விட்டுச்செல்வதில்லை. எந்தப் பட்டியலில் எந்தத் தெரிவு எடுக்கப்பட்டது என்பதைச் செய்தவரின் நினைவே அறியும். கட்டளையோ எழுத்து. அதைச் சேமிக்கலாம், தேதியிடலாம், மற்றவர் படித்துப் பிழை காணலாம், அதே சொற்களால் மறுபடி செய்யலாம். முனைவர் பட்டத்துக்காக ஐந்தாண்டு ஓர் ஆய்வகத்தில் இருந்து சர்வரையும் கவனித்துக்கொண்ட மாணவர் வெளியேறும்போது, அவரோடு வெளியேறக் கூடாதது இந்த எழுத்துதான்.

6. மிகையும் மறுபடியும்

ரெய்டு குறித்து நிலவும் பெரும்பிழை, அதனைக் காப்புப்படியாகக் கருதுவது. 1988இன் கட்டுரை விடை கண்டது ஒரே ஒரு கேள்விக்கு: வட்டு பழுதுற்றாலும் பணி நிற்காமல் தொடர்வது எப்படி? தவறான கட்டளையை அது தடுக்காது. இரட்டைப்படி முறையில் ஒரு கோப்பை அழித்தால், அது இரு வட்டுகளிலும் ஒரே கணத்தில் அழியும். நெருப்பு, வெள்ளம், திருட்டு, தீய மென்பொருள் ஆகியவை எட்டு வட்டுகளையும் ஒன்றாகவே கருதும்.

வட்டுகளின் வளர்ச்சியே இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. சாதாரண வன்வட்டுகளின் விவரக்குறிப்பில், படிக்க இயலாத பிழை ஒன்றுக்குப் பெருமமாக 10^14 துணுக்குகளுக்கு ஒன்று என்ற அளவு காணப்படுகிறது. அது 12.5 டெராபைட். ஐந்தாம் மட்டத்தில் ஒரு வட்டு வீழ்ந்து, எஞ்சியவற்றை முழுவதும் படித்து மறுகட்டமைக்கும்போது, இன்றைய பெரிய வட்டுகளில் இவ்வளவைக் கடப்பது எளிது. அந்நேரத்தில் சரிசெய்ய மிகை ஏதும் எஞ்சியிருப்பதில்லை. பெரிய வட்டுகளுக்கு ஆறாம் மட்டம் பரிந்துரைக்கப்படுவதும், வட்டுகளை அவ்வப்போது முழுமையாகப் படித்துச் சோதிக்கும் வழக்கம் வந்ததும் இதனால்தான்.

எனவே மிகை வேறு, மறுபடி வேறு. ஒரே இடத்தில், ஒரே ஆணைக்கு அடங்கி இயங்கும் பிரதி மிகை. வேறோர் இடத்தில், அந்த ஆணை எட்டாத தொலைவில் இருப்பது மறுபடி. திருமழபாடியில் சுவரிலிருந்து புத்தகத்துக்குச் சென்றது மறுபடி. இருபதாம் நூற்றாண்டில் கல்வெட்டுகளை மைப்படி எடுத்து அச்சிட்டதும், 1930களிலிருந்து திருமலை திருப்பதி தேவஸ்தானம் தன் கல்வெட்டுகளைத் தொகுதிகளாக வெளியிட்டதும் மறுபடியே. சுவரில் எழுத்து தேய்ந்தாலும், ஏதோ ஓர் ஊரின் நூலகத்தில் அவ்வரி இருக்கும்.

தமிழகத்திலும் ஆந்திரத்திலும் சுவடிகள், கல்வெட்டுப் படிகள், ஒலிப்பதிவுகள், கள ஆய்வுக் குறிப்புகள் இன்று பெருமளவில் எண்ணிம வடிவம் பெற்றுவருகின்றன. ஒளிப்படம் எடுக்கும் கருவி, படத்தின் நுட்பம், விவரப் பட்டியல் ஆகியவை குறித்துக் கருத்தரங்குகளில் விரிவாகப் பேசப்படுகிறது. அப்படங்கள் தங்கும் வட்டுத்தொகுதியின் மட்டம் எது, துண்டளவு எவ்வளவு, அமைவுக் குறிப்பின் நகல் எங்கே, உருவாக்கிய கட்டளை எந்தக் கோப்பில் உள்ளது என்ற கேள்விகள் பெரும்பாலும் ‘கணினிப் பிரிவின் வேலை’ என ஒதுக்கப்படுகின்றன. ஏட்டெண்ணைச் சுவடியின் உறுப்பாகக் கருதிப் பழகிய துறை, இதையும் அவ்வாறே கருத இடமிருக்கிறது. ஒரு சேகரத்தைப் பற்றிய விவரணையில் இந்த நான்கு விடைகளுக்கும் நான்கு வரிகள் போதும். வட்டுகள் பழுதாகும் நாளில், அந்தச் சேகரத்தைப் படிக்க முடியுமா என்பதை அந்த நான்கு வரிகளே தீர்மானிக்கக்கூடும்.